நாலாம் வரிசையில் வாடல்

மேட்டுத்தோட்டம், சேவூர்
14 ஜூன் 2024

வர்ஷினிக்கு,

இந்தப் பெட்டியில ரெண்டு பொட்டலம் இருக்குது. நீலக் கயிறு கட்டுனது நம்ம மாதுளையில நாலாவது வரிசையில வாடிப்போன மரத்தோட வேர். வெள்ளைக் கயிறு கட்டுனது அதுக்கு அடுத்த மரத்தோட வேர். அந்த மரம் பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது. மண்ணு தனியா டப்பாவுல வெச்சிருக்கறேன். வேரை ஈரத்துணியில சுத்தி அனுப்போணும்னு நீ முன்னாடி யாருக்கோ போன்ல சொன்னது ஞாபகத்துல இருந்துச்சு. மங்கலத்துல நம்ம பனியன் யூனிட்டுல கெடந்த வெட்டுத்துணியில சுத்தியிருக்கறேன்.

சங்கதி இதுதான். போன மாசக் கடைசியில அந்த மரத்துல ஒரே ஒரு கிளையில மட்டும் இலை மஞ்சளாச்சு. தண்ணி பத்தலையாட்ட இருக்குதுன்னு விட்டுட்டேன். அடுத்த வாரம் போய்ப் பாத்தா அந்தக் கிளை காஞ்சு, பக்கத்துக் கிளையும் தொவண்டு போச்சு. இப்ப மரத்துல இலையே இல்ல. காய் மட்டும் தொங்குது. வெயிலுக்கு மாட்டுன பனியன் துணி உறை கூட இன்னும் காய் மேலதான் இருக்குது.

அவினாசியில மருந்துக்கடைக்காரங்க ஆளுக்கொண்ணு சொல்றாங்க. ஒரு பவுடரைக் கரைச்சு ஊத்தினேன். ஒண்ணும் ஆகல. மாதுளைன்னா சோலாப்பூர்தான்னு எல்லாரும் சொல்றாங்க. நீ அங்க ஆராய்ச்சி நிலையத்துல இருக்கறப்ப வேற யார்கிட்டக் கேக்கறது.

இதைப் போன்லயே சொல்லியிருக்கலாம். ஆனா போன தடவை கூப்பிட்டப்ப நீயும் பேசல, நானும் பேசல. ஃபேன் சத்தத்தைக் கேட்டுட்டு உக்காந்திருந்தோம். எழுதுனா வேலை முடியும்னு எழுதிட்டேன்.

நீ தோட்டத்துல நட்டுட்டுப் போன ஈர மீட்டரும் வானிலைக் கம்பமும் ஓடிட்டுத்தான் இருக்குது. அந்தக் கணக்கு உனக்கு அங்கயே வந்துருமே.

அம்மா நல்லாருக்குது. மத்தபடி ஒண்ணுமில்ல.

தரணீதரன்

*

சோலாப்பூர்
29 ஜூன் 2024

மாமாவுக்கு,

வேர் காயாமல் வந்து சேர்ந்தது. துணி சுற்றி அனுப்பியது நல்லதாகப் போயிற்று.

இங்கே வேரைச் சீவி, கேரட் துண்டுகளுக்கு நடுவில் வைத்துக் கட்டிவிடுவோம். நோய் இருந்தால் கேரட்டின் மேல் கறுப்பாகப் பூஞ்சை முளைக்கும். நீலக் கயிறு கட்டிய வேரில் முளைத்தது. வெள்ளைக் கயிறு கட்டியதிலும் முளைத்தது. நல்லா இருக்குன்னு நீங்கள் எழுதிய மரத்துக்குள்ளேயும் நோய் போய்விட்டது. வெளியே தெரியக் கொஞ்ச நாளாகும், அவ்வளவுதான்.

இதற்குப் பெயர் வாடல் நோய். வேர் வழியாகவும் தண்ணீர் வழியாகவும் பக்கத்து மரத்துக்குப் போகும். வந்த மரத்தைக் காப்பாற்ற மருந்து கிடையாது.

நம் தோட்டத்தை நான் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு மரமும் அதில் ஒரு புள்ளி. எந்த மரத்தின் வேர் எந்த மரத்தைத் தொடும், நிலம் எந்தப் பக்கம் சரிகிறது, சொட்டுநீர்க் குழாய் எங்கிருந்து எங்கே போகிறது, மண்ணில் எவ்வளவு ஈரம், எல்லாம் அதில் இருக்கிறது. நாலாம் வரிசையில் நோயை வைத்து ஓட்டிப் பார்த்தேன். வந்த வரைபடத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். சிவப்பு, நோய் வந்த மரங்கள். ஆரஞ்சு, அடுத்து வரப்போகிறவை. அதில் மூன்றாம் வரிசையும் ஐந்தாம் வரிசையும் பெரும்பாலும் வந்துவிடுகின்றன.

செய்ய வேண்டியது: சிவப்பு மரங்களோடு ஆரஞ்சு மரங்களையும் வேரோடு பிடுங்க வேண்டும். காயோடு நின்றாலும் சரி. பிடுங்கிய இடத்திலேயே எரிக்க வேண்டும். அதற்கும் மிச்ச மரங்களுக்கும் நடுவில் ஆழமாக ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டும். மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும்.

இங்கே நல்ல வெயில். சோள ரொட்டி பழகிவிட்டது. அறையில் என்னோடு யாரும் இல்லை. எனக்கு எதுவும் குறையில்லை. எதுவும் இருக்கிற மாதிரியும் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா.

வர்ஷினி

*

சேவூர்
11 ஜூலை 2024

வர்ஷினிக்கு,

வரைபடம் பாத்தேன். அதை எடுத்துட்டுப் போய் வரிசை வரிசையா நின்னு பாத்தேன். நீ ஆரஞ்சு போட்ட மரம் எல்லாம் பச்சையா நிக்குது. கிளை தாங்காம முட்டுக் குடுத்து வெச்சிருக்கறோம். காய்க்கு உறை மாட்டறதுக்கே நானும் தோட்டத்து வேலைக்கு வர்ற வேலாத்தாளும் வாரக் கணக்கா அந்த வரிசைக்குள்ள குனிஞ்சு கெடந்தோம். இதைப் புடுங்கி நெருப்பு வைக்கோணும்னு ஒரு காயிதம் சொல்லுது.

பக்கத்துக் காட்டுச் செந்தில்வேல் கேட்டாப்ல, காயோட நிக்கற மரத்தைப் புடுங்கறதுக்கு நீ என்ன கிறுக்கனான்னு. வாடுன மரத்தை மட்டும் எடுத்துட்டேன். நல்ல மரத்துல கை வைக்க முடியல.

கம்ப்யூட்டர் சொல்றதை நம்ப மாட்டேன்னு இல்ல வர்ஷினி. அன்னைக்கும் நம்பினேன். நம்ம பாப்பாவுக்கு டெங்குன்னு அந்த ஆஸ்பத்திரியில சேத்துனப்ப தினமும் ஒரு சீட்டுல பிளேட்லெட் நம்பர் அடிச்சுக் குடுத்தாங்க. கொறைஞ்சுட்டே வந்துச்சு. கடைசி நாள் சாயங்காலம் ஏறிடுச்சுன்னு சொன்னாங்க. ஏறிடுச்சு, இனிப் பயமில்லைன்னு. அந்தச் சீட்டை எடுத்துட்டு ஓடியாந்து உன்கிட்டத்தான் மொதல்ல காட்டினேன். நீ கூட சிரிச்சே. அடுத்த நாள் காலையில பாப்பா இல்ல. நம்பர் ஏறிட்டேதான் இருந்துச்சாமா. டாக்டர் அப்பவும் அதைத்தான் சொன்னாரு.

அதுக்கப்புறம் எங்க நம்பரைப் பாத்தாலும் எனக்குக் கண்ணு இருட்டிக்குது. யூனிட்டுல கூட பீஸ் கணக்கைத் தண்டாயுதபாணிகிட்ட விட்டுட்டேன். பார்ட்னர்தானே, பாத்துக்கட்டும்.

இன்னொண்ணு. எழுதக் கூடாதுன்னுதான் இருந்தேன். கேதத்துக்கு வந்தவங்க எல்லாரும் என்னைத்தான் கேட்டாங்க. அந்தப் புள்ள ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையேன்னு. நீ அழவே இல்ல வர்ஷினி. பாப்பாவைக் கொண்டுபோனப்பவும் அழல. அடுத்த நாள் கம்ப்யூட்டரைத் தொறந்து வெச்சுட்டு உக்காந்துட்டே. தை மாசம் பொட்டியைக் கட்டிட்டு சோலாப்பூர் போயிட்டே. ரயில்ல ஏத்தி விட வந்தப்பவும் அழல. எனக்கு அதுக்குப் பதில் வேணும்னு இல்ல. எழுதோணும்னு இருந்துச்சு, எழுதிட்டேன்.

தரணீதரன்

*

சோலாப்பூர்
16 ஆகஸ்ட் 2024

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. எழுத ஆரம்பித்து நிறுத்தினேன். பிறகு ஆரம்பிக்கவே இல்லை.

முதலில் மரத்தைப் பற்றி. ஆரஞ்சு போட்ட எல்லா மரமும் சாகும் என்று வரைபடம் சொல்லவில்லை. அதில் சில மரம் பிழைக்கும். எது பிழைக்கும் என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கு அதைத் தெரிந்துகொள்ள யாரிடமும் வழியில்லை. பிழைக்கக்கூடிய சில மரங்களையும் சேர்த்து எடுத்தால்தான் மிச்சத் தோட்டம் நிற்கும். கணக்கு அவ்வளவுதான் சொல்கிறது. எடுக்க முடியவில்லை என்று நீங்கள் எழுதியது எனக்குப் புரிகிறது. நான் அங்கே இருந்திருந்தாலும் ஜேசிபி-யைக் கூப்பிட்டிருப்பேனா என்று தெரியவில்லை. இங்கிருந்து சொல்வது சுலபம்.

ஆஸ்பத்திரிச் சீட்டைப் பற்றி. அந்த நம்பர் பொய் இல்லை மாமா. அந்த நேரத்துக்கு அது சரி. இரத்தத்தில் இருந்ததை எண்ணிச் சொன்னார்கள். உடம்பில் வேறு என்ன நடந்துகொண்டிருந்தது என்று அந்தச் சீட்டில் எழுத இடமில்லை. நானும் சிரித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஞாபகம் இல்லை. இப்போது நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது.

அழாததைப் பற்றி. வராமல் போய்விட்டது. வர வேண்டும் என்று நானும் காத்திருந்தேன். உள்ளே ஒன்றும் அசையவில்லை. மரத்துப் போன காலை ஊன்றி நடப்போமே, கால் இருப்பது தெரியாது, ஆனாலும் நடப்போம். அப்படித்தான் எழுந்தேன், குளித்தேன், வந்தவர்களுக்கு டம்ளர் எடுத்துக் கொடுத்தேன். கம்ப்யூட்டரைத் திறந்தது உண்மை. தோட்டத்து மீட்டர் ஒன்று அன்றைக்கு வேலை செய்யவில்லை என்று செய்தி வந்திருந்தது. அதைச் சரிசெய்தேன். சரியாகிவிட்டது. அன்றைக்கு எதையாவது ஒன்றைச் சரிசெய்ய முடிந்தது, அதனால் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்போது அத்தை முற்றத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார். "பெத்தவ கல்லாட்ட உக்காந்து கம்ப்யூட்டரைப் பாத்துட்டு இருக்கறா. இவ பாத்துட்டே இருந்ததுலதான் எங்க கொழந்தை போயிருச்சு" என்று. நீங்கள் நடையில் தண்ணீர்க் குடத்தோடு நின்றீர்கள். உங்கள் காதில் விழுந்தது எனக்குத் தெரியும். என்னைப் பார்த்தீர்கள். பிறகு குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

அத்தை சொன்னதற்காக நான் சோலாப்பூர் வரவில்லை. நீங்கள் ஒன்றும் சொல்லாததற்காக வந்தேன்.

வரைபடத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கலாம் என்று சந்தேகம். கவாத்து வெட்டுகிறபோது எந்த வரிசையில் ஆரம்பித்து எந்தப் பக்கம் போவீர்கள் என்று எழுதுங்கள். கத்தரியிலும் நோய் ஒட்டிக்கொண்டு போகும்.

வர்ஷினி

*

சேவூர்
22 அக்டோபர் 2024

வர்ஷினிக்கு,

புரட்டாசியில காயெல்லாம் பறிச்சுட்டேன். ஆரஞ்சு வரிசையிலயும் நல்ல காய். செந்தில்வேல் வந்து பாத்துட்டு, புடுங்கியிருந்தா இதெல்லாம் போயிருக்குமேன்னாப்ல. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

மழை புடிச்சதுக்கப்புறம் ஆரம்பிச்சுருச்சு. அஞ்சாவது வரிசை மொத்தமா மஞ்சளாயிருச்சு. மூணாவதுல பாதி. நீ கலர் போடாத ஏழாவது வரிசையிலயும் ரெண்டு மரம் போச்சு. கவாத்து எப்படி வெட்டுவோம்னு கேட்டிருந்தே. தோட்டத்து கேட்டுக்கிட்ட ஆரம்பிச்சு அக்கட்டால கடைசி வரைக்கும் போய், ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை திரும்பி வருவோம். கத்தரியைக் கழுவறதெல்லாம் இல்ல. நாலாவதுல வெட்டிட்டு ஏழாவதுக்குப் போன நாள் ஒண்ணு உண்டு. அன்னைக்குப் பொழுதாயிருச்சுன்னு நடுவுல விட்டுட்டு அந்தப் பக்கம் போனோம்.

ஆரஞ்சு போட்டதுல சில மரம் இன்னும் பச்சையாத்தான் நிக்குது. நீ சொன்ன மாதிரியே. எது நிக்கும்னு தெரியாதுன்னு சொன்னீல்ல.

நீ எழுதுன காயிதத்தை மறுக்கா மறுக்காப் படிச்சேன். உடனே எழுத வரல. குடத்தோட நின்னது நெசம். காதுல விழுந்ததும் நெசம். விழுந்துச்சு, ஆனா அது என்னன்னு உள்ள போகல. யூனிட்டுல எல்லா மிஷினும் ஒண்ணா ஓடறப்ப பக்கத்துல நிக்கறவன் வாயசைக்கறது தெரியும், என்ன சொல்றான்னு தெரியாது. அப்படி இருந்துச்சு. நீ மட்டும்தான் மரத்துப் போயிருந்தேன்னு நெனச்சுட்டு இருந்திருக்கறேன்.

அம்மாகிட்டக் கேட்டேன். சோத்துக்கு உக்காந்திருந்தப்ப, அன்னைக்கு எதுக்கு அப்படிச் சொன்னீங்கன்னு. ஒரு வருஷம் கழிச்சுக் கேக்கறயேன்னு அம்மா தட்டைத் தள்ளி வெச்சுருச்சு. நான் எந்திரிக்கல. அப்புறம் சொல்லுச்சு. "எனக்கு அன்னைக்கு யாரையாச்சும் சொல்லோணும்னு இருந்துச்சு. டாக்டரைச் சொல்ல முடியல, சாமியைச் சொல்ல முடியல. அவதான் எதுத்தாப்ல உக்காந்திருந்தா." அவளால எதுவும் ஆகலைன்னு உங்களுக்குத் தெரியுமில்லன்னு கேட்டேன். தெரியும்னு சொல்லுச்சு. அதுக்கப்புறம் ஒரு வாரம் எங்கூடப் பேசல. இப்பப் பேசுது.

மாசக் கடைசி வந்தா பாப்பா போயி வருஷம். என்ன பண்றதுன்னு அம்மா கேட்டுச்சு. ஒண்ணும் பண்ண வேண்டாம்னு சொல்லிட்டேன். நீ வேற என்னமாச்சும் நெனச்சா எழுது.

இனி எத்தனை வரிசை எடுக்கோணும்.

தரணீதரன்

*

சோலாப்பூர்
6 நவம்பர் 2024

மாமாவுக்கு,

கத்தரி போன வழியையும் சேர்த்து மறுபடி ஓட்டினேன். ஏழாம் வரிசை ஏன் போயிற்று என்பது இப்போது சரியாக வருகிறது. புதிய வரைபடம் வைத்திருக்கிறேன். கேட்டிலிருந்து எட்டாம் வரிசை வரைக்கும் எடுக்க வேண்டும். தோட்டத்தில் பாதி. ஒன்பதுக்கு முன்னால் வாய்க்கால். இந்தத் தடவை பச்சையாக இருக்கிற மரம் எதையும் விட வேண்டாம். இதற்கு மேல் தள்ளினால் மிச்சப் பாதிக்கும் என்னால் எதுவும் சொல்ல முடியாது.

வருஷத்துக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொன்னது சரிதான். அன்றைக்கு நான் வேலைக்குப் போனேன். எல்லா நாளும் போல இருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது என்று சொல்ல வேண்டும். கஷ்டமாகவும் இல்லை.

அத்தையிடம் நீங்கள் கேட்டதைப் படித்தேன். கேட்டீர்களே, அது போதும். அத்தையைச் சாப்பிடாமல் இருக்க விடாதீர்கள்.

இங்கே என்னை நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார்கள். மார்ச்சில் இப்போதைய வேலை முடிகிறது. அதற்குள் பதில் சொல்ல வேண்டும். நல்ல வேலை. குடியிருக்க வீடு தருவார்கள். உங்களுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்று எழுதுகிறேன். என்ன சொல்வது என்று நான் இன்னும் யோசிக்கவில்லை. யோசித்தால் ஏதாவது தோன்றும் என்று பார்க்கிறேன், தோன்றவில்லை.

வர்ஷினி

*

சேவூர்
18 டிசம்பர் 2024

வர்ஷினிக்கு,

எடுத்தாச்சு.

மழை விட்டு நெலம் சித்த காயட்டும்னு இருந்தேன். ஜேசிபி ஓட்ட ஒரு ஒடிசாப் பையன் வந்தான். மொத மரத்தைச் சாய்ச்சுட்டு, நல்ல மரம்னு கையைக் காட்டினான். எடுன்னேன். அதுக்கப்புறம் அவனும் கேக்கல.

வேலாத்தாள் முன்னாலயே போய்ப் பிஞ்சு காய்ல இருந்த உறையெல்லாம் அவுத்துட்டு வந்துச்சு. எரிக்கற மரத்துக்கு அதை எதுக்கு அவுக்கறேன்னு கேட்டேன். துணி நல்லாருக்குதுங்க, மிச்ச மரத்துக்கு ஆகும்னு சொல்லுச்சு. அதுவும் சரிதான்.

சாய்ச்ச மரத்தையெல்லாம் அடியில அறுத்துப் பாத்தேன். நோய் வந்ததுல உள்ள கறுப்பா, புகை புடிச்ச மாதிரி இருந்துச்சு. வராததுல வெள்ளையா இருந்துச்சு. பச்சை வாசம் வந்துச்சு. எத்தனை வெள்ளை, எத்தனை கறுப்புன்னு எண்ணிச் சொன்னா உன்ற கணக்குக்கு ஆகும்னு தெரியும். மொதல்ல எண்ணினேன். வெள்ளையா நாலஞ்சு பாத்ததுக்கு மேல எண்ணல. கோவிச்சுக்காதே. துண்டுகளை மட்டும் வரிசை எண் எழுதி எடுத்து வெச்சிருக்கறேன். நீ பாத்துக்கோ.

நெருப்பு வெச்சப்ப செந்தில்வேல் வந்து நின்னாப்ல. மம்பட்டியை வாங்கிட்டு வாய்க்கால் ஓரம் மண்ணு அணைக்க ஆரம்பிச்சுட்டாப்ல. பொழுது சாயற வரைக்கும் இருந்தாப்ல.

எல்லாம் முடிஞ்சப்ப எனக்கு அழுகை வரும்னு நெனச்சேன். வரல. கேட்டுக்கிட்ட நின்னா இப்ப ஒன்பதாவது வரிசை நேரா தெரியுது. நடுவுல ஒண்ணும் இல்ல. அதைப் பாத்துட்டு நின்னேன். அப்பத்தான் நீ எழுதுனது வெளங்குச்சு. கால் இருக்கறது தெரியாம நடக்கறதுன்னு எழுதியிருந்தியே. அதை வெச்சுட்டு உன்னை ஒரு வருஷம் குத்தம் சொல்லிட்டு இருந்திருக்கறேன்.

நிரந்தர வேலையைப் பத்தி. நீ எடுத்துக்கறதுன்னா எடுத்துக்கோ. நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். வான்னும் சொல்ல மாட்டேன்னு இருந்தேன், அதைச் சொல்லாம இருக்க முடியல. பொங்கலுக்கு வந்து மிச்ச மரத்தைப் பாத்துட்டுப் போ. மரத்துக்காக வந்தாப் போதும். நீ வந்தா அம்மா, தங்கச்சி ஊட்டுக்குப் போய் இருந்துக்கறேன்னு சொல்லுது. வேண்டாம்னு சொல்லியிருக்கறேன். நீ என்ன சொல்றயோ அப்படி.

தரணீதரன்

*

சோலாப்பூர்
3 பிப்ரவரி 2025

மாமாவுக்கு,

பொங்கல் முடிஞ்சு இங்க வந்து சேந்ததுமே எழுதோணும்னு இருந்தேன். எடுத்துட்டு வந்த வேரைக் கேரட்டுல வெச்சுட்டு, அது தெரிஞ்சப்புறம் எழுதலாம்னு விட்டுட்டேன். இன்னைக்குப் பாத்தேன். ஒன்பதாவது வரிசையில இருந்து கடைசி வரைக்கும் எதுலயும் முளைக்கல. எல்லாம் சுத்தமா இருக்குது. நீங்க அறுத்து வெச்ச துண்டையும் பாத்தேன். வெள்ளையாத் தெரிஞ்சதுலயும் கொஞ்சத்துக்கு உள்ள நோய் இருந்துச்சு. மீதி நெசமாவே நல்ல மரம். அதை மறைச்சு எழுத எனக்கு மனசில்ல. ஆனா அதை எடுத்ததாலதான் மிச்சப் பாதி நிக்குது.

வாய்க்காலை வருஷா வருஷம் ஆழப்படுத்தோணும். கத்தரியை ஒவ்வொரு மரத்துக்கும் மருந்துத் தண்ணியில முக்கி எடுக்கோணும். காலியான எடத்துல மூணு வருஷத்துக்கு மாதுளை வேண்டாம். சோளமோ தட்டப்பயிறோ போடுங்க.

அங்க இருந்தப்ப நாம வரிசை வரிசையா நடந்தோம். நான் மீட்டரைப் படிச்சுச் சொன்னேன், நீங்க எழுதிக்கிட்டீங்க. நம்பரைப் பாத்தாக் கண்ணு இருட்டிக்குதுன்னு சொன்னவரு முழுசா எழுதிக் குடுத்தீங்க. அத்தை மொத நாள் சமையக்கட்டை விட்டு வெளியவே வரல. ரெண்டாம் நாள் எனக்குத் தலைக்கு எண்ணெய் வெச்சு விட்டாங்க. அப்படியே உக்காந்திருந்தேன்.

திருப்பூர் ஸ்டேஷன்ல நடந்ததைத்தான் எழுதோணும். நீங்களும் அங்கதான் இருந்தீங்க, இருந்தாலும் எழுதறேன்.

ரயில் லேட்டுன்னு பெஞ்சுல உக்காந்திருந்தோம். பக்கத்துல ஒரு வடநாட்டம்மா, பனியன் கம்பெனியில வேலை பாக்கறவங்க, மூட்டை முடிச்சோட ஊருக்குப் போக வேற ரயிலுக்குக் காத்துட்டு இருந்தாங்க. மடியில கைக்குழந்தை தூங்கிட்டு இருந்துச்சு. அவங்க என்னைப் பாத்து எத்தனை குழந்தைங்கன்னு இந்தியில கேட்டாங்க.

இந்த ஒரு வருஷமா இதுக்குப் பயந்துட்டுத்தான் நான் ஒரு கல்யாணத்துக்கும் போறதில்ல, புதுசா வந்தவங்களோட உக்காந்து டீ குடிக்கறதில்ல. இல்லைன்னு சொன்னாப் பொய். இருக்குன்னு சொன்னாலும் பொய்.

நான் "ஏக்", ஒண்ணுன்னு சொன்னேன். அதே நேரத்துல நீங்களும் "ஏக்"னு சொன்னீங்க.

நாம ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கல. அவங்க பையனா பொம்பளைப் புள்ளையான்னு கேட்டாங்க. புள்ளைன்னு நீங்க சொன்னீங்க. பேரென்னன்னு கேட்டாங்க. நீங்க வாயைத் தொறந்தீங்க, சத்தம் வரல. நான் சொன்னேன். சஷ்மிதான்னு. நல்ல பேருன்னு சொல்லிட்டு அவங்க குழந்தையைத் தோள்ல மாத்திப் போட்டுக்கிட்டாங்க. அவங்க ரயில் வந்துச்சு. நீங்க அவங்க மூட்டையைத் தூக்கி உள்ள குடுத்தீங்க.

பாப்பா போனதுக்கப்புறம் நாம ரெண்டு பேரும் பாப்பா, பாப்பான்னுதான் எழுதிட்டு இருக்கறோம். அந்தப் பேரை நான் வாய்விட்டுச் சொன்னது அன்னைக்குத்தான்.

ஈரோடு வந்துச்சு, சேலம் வந்துச்சு, எனக்கு ஒண்ணுமில்ல. தர்மபுரி தாண்டினதுக்கப்புறம் அழுதேன் மாமா. பெட்டியில எல்லாரும் பாத்தாங்க. எதுத்த சீட்டுப் பெரியவரு தண்ணி பாட்டிலை நீட்டினாரு. நிறுத்த முடியல. பெங்களூர் வர்ற வரைக்கும் அழுதேன். அதுக்கப்புறம் பசிச்சுது. அத்தை கட்டிக் குடுத்த புளிச்சோத்தை முழுசாத் தின்னுட்டேன். ருசி தெரிஞ்சுது.

நிரந்தர வேலை வேண்டாம்னு இன்னைக்கு எழுதிக் குடுத்துட்டேன். சரியாத்தான் பண்றனான்னு தெரியல. அங்க வந்தா எல்லாம் சரியாயிரும்னு நான் நெனைக்கல. நீங்களும் நெனைக்காதீங்க. அந்த ஊட்டுல அவ இருந்த ரூம் அப்படியேதான் இருக்கப் போகுது. ஆனா அவளைத் தெரிஞ்சவங்க இங்க யாரும் இல்ல. அங்க நீங்க இருக்கறீங்க.

மார்ச் கடைசியில வர்றேன். ஸ்டேஷனுக்கு வாங்க.

வர்ஷினி